அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று மகனைக் கேளுங்கள்

கேள்வி: நாங்கள் மும்பை செம்பூரில் குடியிருக்கிறோம். நான் ஃபோர்ட்டில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். மகள் பன்னிரண்டாவது, மகன் ஒன்பதாவது. மாமியாரும் எங்களோடு இருக்கிறார். போன வாரம், மகனோடு டியூஷன் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா போன் செய்தார். வகுப்பு முடிந்ததும் என் மகன் தினமும் அவள் பில்டிங் வரைக்கும் பின்னாலேயே போகிறானாம். பதில் வராவிட்டாலும் வாட்ஸ்அப்பில் செய்தி மேல் செய்தி அனுப்புகிறானாம். கேட்டால், "முதல்ல எல்லாப் பொண்ணுங்களும் வேணாம்னுதான்மா சொல்லுவாங்க" என்கிறான். மகள் பொங்கிவிட்டாள்: "எல்லாம் இந்த வீட்டுல ஓடுற படமும் சீரியலும்தான்." கணவர் சிரித்தார்: "படத்தைப் படமாப் பாரு. நானே உங்கம்மா பின்னாடி ஆறு மாசம் சுத்தினவன்தானே?" மாமியார், "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்று மகளை அடக்கினார். கணவர் சுற்றியது உண்மைதான். எனக்கு முதல் இரண்டு மாதம் பயமாக இருந்தது, அது வேறு விஷயம். என் மகன் கெட்டவன் இல்லை. டிவியை நிறுத்திவிடட்டுமா? யார் சொல்வது சரி?
— செம்பூர் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

யார் சொல்வது சரி என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள், அந்தப் பெண் மட்டும் பேசவில்லை. அவளுக்கும் பதினாலு, பதினைந்து வயதுதான் இருக்கும். டியூஷன் முடிந்த கையோடு ஒவ்வொரு மாலையும், பின்னால் ஒருவன் வருகிறான் என்ற நினைப்போடுதான் வீடு போய்ச் சேர்கிறாள். அவள் வீட்டில் சொன்னதே பெரிய விஷயம். சொன்னால் டியூஷனை நிறுத்திவிடுவார்கள், போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து வாய் திறக்காத பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

அதனால் அவளுடைய அம்மாவை இன்றைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள். "சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான்" என்று ஆரம்பிக்காதீர்கள். "நீங்கள் சொன்னதை நம்புகிறேன். இனிமேல் அவன் உங்கள் பில்டிங் பக்கம் வரமாட்டான், செய்தி அனுப்பமாட்டான், அதற்கு நான் பொறுப்பு. மறுபடி ஏதாவது நடந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்யுங்கள்" என்று சொன்னால் போதும். டியூஷன் நேரத்தையோ இடத்தையோ மாற்ற வேண்டியிருந்தால் உங்கள் மகன் மாறட்டும், அவள் மாறக் கூடாது. அவனை இழுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்கவும் வேண்டாம். பெரியவர்களுக்கு அது நியாயமாகப் படும். அவளுக்கோ, யார் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறாளோ அவனே வாசலில் வந்து நிற்பதுபோல ஆகிவிடும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் 2013 முதல் நம் நாட்டில் தனிக் குற்றம். இப்போது அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் இருக்கிறது. முதல் முறைக்கே மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பெண் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் பாயலாம். உங்கள் மகன் சிறுவன் என்பதால் விஷயம் சிறார் நீதி வாரியத்துக்குத்தான் போகும். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் கணவர் சிரித்துத் தள்ளும் காரியத்துக்குச் சட்டம் என்ன பெயர் வைத்திருக்கிறது என்பதை அவரும் அறிய வேண்டும். அந்தத் தாய் காவல் நிலையத்துக்குப் போகாமல் உங்களுக்குப் போன் செய்திருக்கிறார். அந்த நல்ல மனதுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி படத்துக்கு வருவோம். உங்கள் மகள் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் ஒரு காட்சியைப் பார்த்ததும் பையன் கெட்டுப்போகிறான் என்பதல்ல அந்த உண்மை.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1960-களில் சின்னப் பிள்ளைகளை வைத்துச் சில சோதனைகள் நடத்தினார். பெரியவர் ஒருவர் ஒரு பொம்மையை அடிப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். அடித்தவருக்குப் பாராட்டு கிடைப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதையே தாமும் செய்தார்கள். அவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே செய்தார்கள். அப்படியென்றால், செய்கையைவிடச் செய்தவனுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்பதுதான் பிள்ளை மனதில் நிற்கிறது. நம் படங்களில் பல பத்தாண்டுகளாக அவனுக்கு என்ன கிடைத்துவருகிறது? பெண் மறுக்கிறாள். அவன் அவள் ஏறும் பஸ்ஸில் ஏறுகிறான், கல்லூரி வாசலில் நண்பர்களோடு நிற்கிறான், அவள் வீட்டு எண்ணை எப்படியோ வாங்கிவிடுகிறான். இடைவேளைக்குள் அவள் சிரித்துவிடுகிறாள். அரங்கம் விசிலடிக்கிறது. "முதல்ல வேணாம்னுதான் சொல்லுவாங்க" என்று உங்கள் மகன் சொன்னானே, அது அவன் தானாக யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. பல கதைகளின் முடிவை ஒழுங்காக மனப்பாடம் செய்திருக்கிறான்.

நாயகனின் அப்பா யார், அவனுக்கு எவ்வளவு கடன், எந்த நண்பனோடு சண்டை, அம்மா கையால் என்ன சாப்பிட்டான் எல்லாம் நமக்குத் தெரியும். அவளைப் பற்றி? அவள் தெருவில் நடந்து வருவாள், தலைமுடி காற்றில் பறக்கும். அன்றிரவு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என்ன நினைத்தாள் என்று காட்டும் காட்சி பெரும்பாலும் இருக்காது. அவள் பயந்தாளா, எரிச்சல் பட்டாளா, வேறு பாதையில் போகலாமா என்று யோசித்தாளா, அக்காவிடம் சொன்னாளா, ஒன்றும் தெரியாது. என்னைக் கேட்டால், பின்தொடரும் காட்சி இருப்பதைவிட இந்தக் காட்சி இல்லாததுதான் பெரிய தீங்கு. பையன் மனதில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. காலியான இடத்தில் தன் ஆசையை எடுத்து நிரப்பிக்கொள்கிறான்.

இந்த இடம் ஏன் காலியானது என்பதற்கு நீங்கள் வாழும் ஊரிலேயே வரலாறு இருக்கிறது. 1913-இல் வெளிவந்த தன் முதல் படத்தைப் பம்பாயில் இந்தியச் சினிமாவின் முன்னோடி பால்கே எடுத்தபோது ராணி வேடத்துக்குப் பெண் கிடைக்கவில்லை. உணவகத்தில் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞர்தான் சேலை கட்டி நடித்தார். அது நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட முடியாது. மும்பைத் திரையுலகின் ஒப்பனைக் கலைஞர் சங்கம் பெண்களுக்கு ஒப்பனைக் கலைஞர் அட்டையே கொடுக்காமல் வைத்திருந்தது. ஆண் என்றால் மேக்கப், பெண் என்றால் தலையலங்காரம், அவ்வளவுதான். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 நவம்பரில். அதே ஆண்டில், திரையில் பெண்களின் இடத்தை ஆராயும் ஜீனா டேவிஸ் நிறுவனம் 11 நாடுகளின் 120 படங்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியப் படங்களில் பேசும் அல்லது பெயருள்ள பாத்திரங்களில் 24.9 விழுக்காடுதான் பெண்கள். நாலு பேர் பேசினால் அதில் ஒருத்தி. கதை எழுதும் அறையிலும் கேமராவுக்குப் பின்னாலும் அவள் இல்லாதபோது அவளுடைய இரவை யார் எழுதுவார்கள்? உங்கள் மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்: தமிழின் முதல் பேசும் பட நாயகி டி.பி. ராஜலட்சுமி 1936-லேயே தானே எழுதி ஒரு படத்தை இயக்கிவிட்டார். வழி இல்லாமல் இல்லை. பிறகு வந்தவர்களுக்கு அது குறுகலாகவே வைக்கப்பட்டது.

"படத்தைப் படமாப் பாரு" என்று உங்கள் கணவர் சொல்கிறார். அவரால் முடியும். அவர் வாழ்க்கையைப் பார்த்தவர், படத்தையும் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர். உங்கள் மகனுக்குப் பக்கத்தில் வைக்க என்ன இருக்கிறது? நம் வீடுகளில் மார்க்கைப் பற்றிப் பேசுவோம், வேலையைப் பற்றிப் பேசுவோம், ஒரு பெண்ணை, ஒரு பையனைப் பிடித்துப்போனால் மனது என்ன பாடு படும் என்று பிள்ளைகளிடம் பேசமாட்டோம். அந்தப் பாடத்துக்கு அவனுக்குக் கிடைத்த ஒரே வாத்தியார் திரை. 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, பின்தொடர்வதைக் காதல் என்று நம் படங்கள் காட்டுவதைப் பற்றித் தமிழ்நாடு முழுக்கப் பேசினார்கள். சில நடிகர்களும் இயக்குநர்களும் வாய்விட்டே பேசினார்கள். வீட்டுக்குள் அந்தப் பேச்சு வரவில்லை. இப்போதாவது வரட்டும்.

டிவியை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் அவன் கையில் போன் இருக்கிறது, நண்பன் கையிலும் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் கிராமப்புறப் பெண்களிடம் ஆய்வு நடத்தினார்கள். கேபிள் டிவி வந்த கிராமங்களில், புருஷன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற எண்ணமும் குறைந்தது. நாம் அழுமூஞ்சி என்று தள்ளும் சீரியல்களும் ஓடிய அதே டிவிதான். வேலைக்குப் போகும் பெண், தனியாக முடிவெடுக்கும் பெண் என்று தன் ஊரில் இல்லாத ஒருத்தியை அந்தப் பெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்து காட்டியது. திரைக்குக் கெடுக்கும் பலம் இருக்கும் அளவுக்கு மாற்றும் பலமும் இருக்கிறது. யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பது முக்கியம். தணிக்கைச் சான்றிதழில் இப்போது யுஏ 7+, 13+, 16+ என்று பிரித்துப் போடுகிறார்கள், ஓடிடியில் பூட்டும் வசதி இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் மறுத்தவளைத் துரத்துவதைக் காதலாகக் காட்டுகிறதா என்று அந்த எண் உங்களுக்குச் சொல்லாது.

அதற்குப் பதில் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். படத்தை நிறுத்திப் பிரசங்கம் செய்யாதீர்கள், பிள்ளை எழுந்து போய்விடுவான். முடிந்த பிறகோ விளம்பர இடைவேளையிலோ ஒரே ஒரு கேள்வி: "அந்தப் பொண்ணு அப்போ என்ன நெனச்சிருப்பா?" முதல் தடவை "தெரியல" என்பான். இரண்டாவது தடவையும் அப்படியே சொல்லலாம். விடாமல் கேளுங்கள். சீரியலிலும் கேளுங்கள். மாமியாரையே கேளுங்கள், அவருக்குத்தான் அதிகம் பதில் தெரிந்திருக்கும். மருமகளாக அவர் என்னென்ன விழுங்கினார் என்று யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரி என்று ஆண்களில் 44 விழுக்காட்டினரும் பெண்களில் 45 விழுக்காட்டினரும் சொன்னார்கள். பெண்களின் எண் ஒரு படி மேலே இருக்கிறது. 'இவ்வளவு வாய் ஆகாது' என்பது உங்கள் மாமியாருக்குச் சொல்லப்பட்டது, அவர் உங்கள் மகளுக்குச் சொல்கிறார். அவரோடு சண்டை வேண்டாம். மகள் முன்னிலையில் "இல்லம்மா, இந்த வீட்டுல அவ பேசலாம்" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குள்ளேயே ஒரு படம் தினமும் ஓடுகிறது, அதையும் உங்கள் மகன் பார்க்கிறான். நீங்கள் சிஎஸ்எம்டியில் ஹார்பர் லைன் வண்டி பிடித்து, நின்றுகொண்டே செம்பூர் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றியதும் எங்கே போகிறீர்கள்? சாப்பிட்ட தட்டை யார் எடுக்கிறார்கள்? மகளை "தண்ணி கொண்டா" என்பதுபோல மகனையும் சொல்வதுண்டா? உங்கள் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாது, நாட்டைப் பற்றித் தெரியும். 2019-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஏதாவது ஒன்றைச் செய்தவர்கள் பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடு. செய்தவர்களிலும் பெண்கள் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். பெண்ணின் களைப்பைக் கவனிக்கப் பழகாத பையன் பெண்ணின் பயத்தை எப்படிக் கவனிப்பான்? இரவுப் பாத்திரத்தை இந்த வாரத்திலிருந்தே அவனிடம் கொடுங்கள். தண்டனை என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். வீட்டில் இருப்பவர் செய்யும் வேலை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கடிதத்தின் மிக முக்கியமான வரிக்கு வருகிறேன். "எனக்கு முதல் இரண்டு மாதம் பயமாக இருந்தது, அது வேறு விஷயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, அதுதான் விஷயம். உங்கள் கணவர் ஆறு மாதம் சுற்றிய கதை விருந்தினர் வரும்போதெல்லாம் வீட்டில் சொல்லப்பட்டிருக்கும், எல்லோரும் சிரித்திருப்பார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கதையில் அப்பாவின் பாதி மட்டும்தான் தெரியும். அந்த இரண்டு மாதத்தில் நீங்கள் எந்த ரயிலை விட்டுவிட்டு எந்த ரயிலில் போனீர்கள், மகளிர் பெட்டியில் ஏறிய பிறகுதான் மூச்சு வந்ததா, வீட்டில் சொல்லப் பயந்தீர்களா, பிறகு எது மாறியது, அவர் என்ன செய்ததால் பயம் போனது? அவரை உங்களுக்குப் பிடித்தது அவர் சுற்றியதால் அல்ல, வேறு எதனாலோ இருக்கும். அது எது என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதை முதலில் கணவரிடம் தனியாகச் சொல்லுங்கள். குற்றம் சாட்டுவதாக வேண்டாம், இவ்வளவு நாள் சொல்லாமல் விட்டதாகச் சொல்லுங்கள். அவருக்கு அதிர்ச்சியாக இருக்கலாம், கோபம்கூட வரலாம். உங்கள் மேல் அன்புள்ளவர் என்றால் இரண்டு நாளில் யோசிப்பார். பிறகு மகனிடம் பேச வேண்டியவர் அவர்தான். "நான் சுத்தினேன், உங்கம்மா பயந்தா, எனக்கு அது தெரியவே இல்ல. நீ அப்படிச் செய்யாதே" என்று அப்பா வாயிலிருந்து வரும் இரண்டு வாக்கியத்துக்கு இருக்கும் வலு என்னைப் போன்ற ஆலோசகரின் பத்துக் கட்டுரைக்கு இருக்காது.

மகனிடம் பேசும்போது அக்காவை அருகில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவமானப்பட்ட பையனுக்குக் காது அடைத்துவிடும். ஒருத்தியைப் பிடித்தது தப்பில்லை என்று அதிலிருந்தே ஆரம்பியுங்கள். மறுப்பு என்பது இந்த வயதில் எப்படி இருக்கும் என்று விளக்குங்கள். நேராக "வேணாம்" என்று சொல்வது அபூர்வம். நீல டிக் விழும், பதில் வராது. தோழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நடப்பாள். பாதையை மாற்றுவாள். மரியாதைக்குச் சிரித்துவைப்பாள், சிரிக்காவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில். இதெல்லாமே 'இல்லை'தான். அதன் பிறகு அவனுக்கு வலிக்கும். அந்த வலிக்கு நம் படங்கள் இரண்டே வழி காட்டுகின்றன. ஒன்று துரத்துவது, இல்லாவிட்டால் குடித்துவிட்டு அவளைத் திட்டிப் பாடுவது. அழுதுவிட்டு, நண்பனிடம் புலம்பிவிட்டு, நாலு வாரம் கழித்து கிரிக்கெட் ஆடப் போகும் பையனுக்குப் பாட்டு எழுத யாரும் இல்லை. நிஜத்தில் நிறையப் பையன்கள் அப்படித்தான் தேறுகிறார்கள். அழலாம் என்று அவனுக்குச் சொல்லுங்கள். 'ஆம்பளை அழக் கூடாது' என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு ஏமாற்றம் வந்தால் அது கோபமாக மட்டும்தான் வெளியே வரும்.

மகளைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அவள் அவ்வளவு பொங்கினாளே, ஏன் என்று அவளைத் தனியாகக் கேட்டீர்களா? பன்னிரண்டாவது படிக்கும் பெண், இந்த ஊரில் பஸ்ஸிலும் ரயிலிலும் போய் வருகிறவள். தம்பி செய்ததைக் கேட்டதும் அவளுக்குச் சினிமா மட்டும் ஞாபகம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். அவள் பின்னாலும் யாராவது வந்திருக்கலாம், உங்களைப் போலவே அவளும் அதை 'வேறு விஷயம்' என்று வைத்திருக்கலாம். கேளுங்கள். சொன்னால் உடனே "நீ ஏன் அந்த வழியா போன?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தம்பியைக் கண்காணிக்கும் வேலையையும் அவள் தலையில் கட்ட வேண்டாம்.

பேசினால் பிள்ளைகள் மாறுவார்களா என்ற சந்தேகம் உங்களுக்கு வரும். உங்களுக்குப் பக்கத்திலுள்ள தேவ்னாரின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும், கோரோ என்ற தொண்டு அமைப்பும், பெண்கள் குறித்த சர்வதேச ஆய்வு மையமும் சேர்ந்து 2008-இல் மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதையெல்லாம் வகுப்பறையிலேயே பேசிப் பார்த்தன. பேசிய பள்ளிகளின் மாணவர்களிடம் ஆண்–பெண் சமத்துவம் பற்றிய எண்ணம் கூடியது. உங்கள் மகன் அவர்களைவிட இரண்டு, மூன்று வயதுதான் பெரியவன். அவன் பள்ளியில் ஆலோசகர் இருந்தால், அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல், இப்படி வகுப்பில் பேச முடியுமா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

ஒரு மாதம் கவனியுங்கள். அவன் மறுபடியும் அவள் பில்டிங் பக்கம் போனாலோ, வேறு எண்ணிலிருந்தோ நண்பன் போனிலிருந்தோ செய்தி அனுப்பினாலோ, சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவளையே நினைத்துக்கொண்டிருந்தாலோ, வீட்டுப் பேச்சு போதாது என்று அர்த்தம். அப்போது தயங்காமல் குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துப் போங்கள். உடனே ஆள் கிடைக்காவிட்டால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். போகும்போது உங்கள் கணவரும் கூட வரட்டும்.